பதிவேட்டில் ஒரு பெயர்: மலையகத் தோட்டங்களில் உறுதிப்பூசுதல்

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில் நாவலப்பிட்டியைத் தாண்டி மலையேறத் தொடங்கியபின், ஹட்டனுக்குச் சற்று முன்னால் நிற்கும் இடம் வட்டவளை. இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் இதுவும் ஒன்று. வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் கூடுதலான மழை. றபர் சீட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நனைந்த கூடையோடு மலையில் நிற்கும் பெண்கள்தான் இந்த ஊரின் அன்றாடக் காட்சி.

இங்கே ‘பேர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, ஆளின் பெயர். மற்றது, ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில் விழும் கணக்கு. தோட்டம் கேட்கும் கிலோவுக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். மாதம் முடிந்து சம்பளம் கைக்கு வந்ததும் அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இன்னொரு புத்தகமும் உண்டு. அது ஆலயத்தில் இருக்கிறது. குழந்தை திருமுழுக்குப் பெறும்போது அதில் பெயர் எழுதப்படுகிறது. பிறகு அந்தப் பிள்ளை வளர்ந்து ஆயரின் முன்னால் நின்று, நெற்றியில் தைலம் பூசப்படும் நாளில், அதே பெயருக்கு எதிரே இன்னொரு குறிப்பு சேர்கிறது. அந்த நாளின் பெயர்தான் உறுதிப்பூசுதல்.

யுத்தத்தாலும் அதற்கு முந்திய வன்செயல்களாலும் இடம்பெயர்ந்தவர்களில், இந்தச் சடங்கைப் பெறாமலே வயது கடந்தவர்கள் இருக்கிறார்கள். பெற்றதற்குச் சான்று இல்லாமல் திருமணத்தின்போது திண்டாடியவர்களும் இருக்கிறார்கள். பக்கத்து லயத்துப் பிள்ளையின் உறுதிப்பூசுதலுக்கு அழைக்கப்பட்டு, இது என்ன சடங்கு என்று கேட்கும் இந்துக் குடும்பங்களும் உண்டு. எல்லோருக்கும் பயன்படும்படி, இதன் பொருளையும் நடைமுறையையும் ஒரே இடத்தில் தர இக்கட்டுரை முயல்கிறது.

பெயரும் பொருளும்

கத்தோலிக்கத் திருச்சபையில் ஏழு அருட்சாதனங்கள் உண்டு: திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயில் பூசுதல், குருத்துவம், திருமணம். இவற்றில் முதல் மூன்றும் ஒருவரைத் திருச்சபையின் முழு உறுப்பினராக்கும் புகுமுக அருட்சாதனங்கள். தாத்தா பாட்டி காலத்து மந்திரப் புத்தகங்களில் அருட்சாதனங்களுக்குத் ‘தேவத்திரவிய அனுமானங்கள்’ என்று பெயர். திருமுழுக்கை இன்றும் பலர் ஞானஸ்நானம் என்றே சொல்கிறார்கள்.

இலத்தீன் மொழியில் இந்தச் சடங்கின் பெயருக்கு உறுதிப்படுத்துதல் என்று பொருள். கிழக்குத் திருச்சபைகள் கிரேக்க மரபை ஒட்டிப் ‘பூசுதல்’ என்ற பொருளிலேயே இதை அழைக்கின்றன. தமிழ்ச் சொல் இரண்டையும் சேர்த்துக்கொண்டது. உறுதி என்பது பலன், பூசுதல் என்பது செயல்.

திருமுழுக்கில் தொடங்கியது இதில் நிறைவு பெறுகிறது என்பதே திருச்சபையின் போதனை. திருமுழுக்கின்போது பெரும்பாலும் நாம் கைக்குழந்தை. நமக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பதில் சொன்னார்கள். உறுதிப்பூசுதலில் அந்தக் கேள்விகளுக்கு நாமே வாய்திறந்து பதில் சொல்கிறோம். ஆனாலும் இதை ‘நான் பெரியவனாகிவிட்டேன்’ என்று அறிவிக்கும் விழாவாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். இதில் முதலில் செயல்படுபவர் தூய ஆவியார், மனிதரின் பதில் அதற்குப் பின்னால் வருகிறது என்கிறது கத்தோலிக்க விசுவாசம்.

திருமுழுக்கு, குருத்துவம் போலவே உறுதிப்பூசுதலும் ஆன்மாவில் அழியாத முத்திரையைப் பதிக்கிறது என்பதும் போதனை. ஆகவே இதை ஒருவர் வாழ்நாளில் ஒரு முறைதான் பெறலாம். விசுவாசத்தை விட்டு விலகித் திரும்பி வந்தவருக்கும் இது மறுபடி தரப்படுவதில்லை.

வேர்

உயிர்ப்பு விழாவுக்குப் பின் ஐம்பதாம் நாள், எருசலேமில் கூடியிருந்த சீடர்கள் மேல் தூய ஆவியார் இறங்கியதாகத் திருத்தூதர் பணிகள் நூலின் 2ஆம் அதிகாரம் கூறுகிறது. பயந்து ஒளிந்திருந்தவர்கள் அன்று தெருவுக்கு வந்து பேசினார்கள். அதே நூலின் 8ஆம் அதிகாரத்தில், சமாரியாவில் திருமுழுக்குப் பெற்றவர்களிடம் பேதுருவும் யோவானும் போய், அவர்கள் மேல் கைகளை வைத்து வேண்டுகிறார்கள். 19ஆம் அதிகாரத்தில் எபேசு நகரில் பவுல் இதையே செய்கிறார். திருமுழுக்குக்குப் பிறகு கைகளை வைத்து ஆவியாரை வேண்டும் இந்தச் செயலில்தான் உறுதிப்பூசுதலின் வேரைத் திருச்சபை காண்கிறது.

ஆரம்பத்தில் திருமுழுக்கு, பூசுதல், நற்கருணை மூன்றும் ஒரே வழிபாட்டில் நடந்தன. ஆயரே நேரில் நின்று நடத்தினார். கிறிஸ்தவர்கள் பெருகிக் கிராமங்களுக்குப் பரவியபோது எல்லா இடத்துக்கும் ஆயரால் போக முடியவில்லை. கிழக்குத் திருச்சபைகள் பூசும் பணியைக் குருக்களிடம் கொடுத்தன. அங்கே இன்றும் கைக்குழந்தைக்குத் திருமுழுக்கோடு சேர்த்தே பூசுகிறார்கள். மேற்குத் திருச்சபை ஆயருக்காகக் காத்திருந்தது. அதனால் திருமுழுக்குக்கும் உறுதிப்பூசுதலுக்கும் இடையில் வருடங்கள் புகுந்தன. சிறு பிள்ளைகளுக்கும் நற்கருணை தரலாம் என்று 1910இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் வழிசெய்த பிறகு, பல நாடுகளில் புதுநன்மை முந்திக்கொண்டது. நம் பங்குகளிலும் அந்த வரிசைதான்: திருமுழுக்கு, முதல் நற்கருணை, சில வருடங்கள் கழித்து உறுதிப்பூசுதல்.

இப்போது நடைமுறையில் இருக்கும் சடங்கு முறையை 1971இல் பாப்பரசர் ஆறாம் பவுல் சீரமைத்தார். பழைய முறையில், பூசியபின் ஆயர் பிள்ளையின் கன்னத்தில் மெதுவாகத் தட்டுவார். விசுவாசத்துக்காக அடியும் அவமானமும் தாங்க ஆயத்தமாயிரு என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். ‘ஆயர் அறைவார்’ என்று பயந்துகொண்டே வரிசையில் நின்றதை முதியவர்கள் சிரித்தபடி சொல்வதுண்டு. இன்று அந்த இடத்தில் சமாதான வாழ்த்து இருக்கிறது.

ஆயருக்காகக் காத்திருந்த நாடு

ஆயர் வராததால் சடங்கு தள்ளிப்போவது இலங்கைக்குப் புதிதல்ல. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, ஏறத்தாழ 30 வருடங்கள் இங்குள்ள கத்தோலிக்கர்கள் குருக்களின்றி விசுவாசத்தைக் காத்தார்கள். வாஸ் அடிகள் 1692இல் கண்டிக்கு வந்தபோது ஒற்றன் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறையிடப்பட்டார். பிறகு அங்கேயே தங்கிப் பணியாற்றி 1711இல் இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதே நாள் மாலையில் பாப்பரசர் மடுவுக்கும் சென்றார்.

கொச்சி மறைமாவட்டத்தின் கீழ் இருந்த இலங்கை, 1834இல்தான் தனித் திருச்சபை ஆட்சிப் பகுதியானது. கண்டிப் பகுதி 1883இல் தனியாகப் பிரிக்கப்பட்டு, 1886இல் மறைமாவட்டமாயிற்று. இன்று கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்கள் அதன் எல்லைக்குள் வருகின்றன. வட்டவளையும் ஹட்டனும் இதில் அடங்கும். தமிழ், சிங்களம் இரு மொழிகளிலும் வழிபடும் மறைமாவட்டம் இது.

தேயிலைக்கும் அதற்கு முன் கோப்பிக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் கத்தோலிக்கர்களும் இருந்தார்கள். தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்த கூட்டத்தில் சிலர் ஜெபமாலையும் கொண்டு வந்தார்கள். தோட்டங்களில் அவர்கள் சிறு தொகையினர்தான். மாரியம்மன் கோவில் இருக்கும் அதே தோட்டத்தில், ஒரு மேட்டில் அந்தோனியாருக்கோ மாதாவுக்கோ சிறு ஆலயம் கட்டிக்கொண்டார்கள். பூசைக்குக் குருவானவர் வருவது மாதத்தில் சில நாள். மற்ற நாட்களில் ஜெபம் சொல்லிக்கொடுத்தது உபதேசியார். ஆயர் வருவதோ வருடங்களுக்கு ஒரு முறை. ஆகவே உறுதிப்பூசுதல் என்பது ஒரு பிள்ளையின் விழாவாக மட்டும் இருப்பதில்லை. சுற்றியுள்ள தோட்டங்களின் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகக் கூடும் நாள் அது.

தோட்டத்தில் ஆயத்தம்

திருச்சபைச் சட்டம் உறுதிப்பூசுதலுக்குப் பகுத்தறியும் வயதைச் சொல்கிறது. அதாவது ஏறக்குறைய ஏழு வயது. ஆனால் வேறு வயதைத் தீர்மானிக்க அந்தந்த நாட்டு ஆயர் பேரவைக்கு உரிமை உண்டு. நடைமுறையில் நம் பங்குகளில் பதின்ம வயதுப் பிள்ளைகளே பெரும்பாலும் பெறுகிறார்கள். அதற்கு முன் ஞாயிறு மறைக்கல்வியும், சடங்கு நெருங்கும்போது தனி ஆயத்த வகுப்புகளும், ஒரு நாள் தியானமும், பாவசங்கீர்த்தனமும் இருக்கும்.

எழுத எளிதாக இருக்கும் இந்த வரிசை, தோட்டத்தில் அவ்வளவு எளிதல்ல. வகுப்பு நடக்கும் ஆலயத்துக்கு மேல் டிவிசனிலிருந்து பிள்ளைகள் மழையில் பல மைல் இறங்கி வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும்படி மூத்த பிள்ளையை வீட்டில் விட்டுப் போவார்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், இந்த வயதில்தான் பல பிள்ளைகள் படிப்பை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். ஆயர் வரும் வருடத்தில் பிள்ளை ஊரில் இருப்பதில்லை.

செலவும் ஒரு கவலை. வெள்ளை உடுப்பு, சப்பாத்து, போட்டோ, வருகிறவர்களுக்குச் சாப்பாடு என்று நாட்சம்பளக் குடும்பம் கடன்படுவதுண்டு. இதில் எதையும் திருச்சபை கேட்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். திருமுழுக்குப் பெற்றிருக்க வேண்டும், ஏற்ற அறிவும் மன ஆயத்தமும் இருக்க வேண்டும், திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கக்கூடியவராக இருக்க வேண்டும். சட்டம் கேட்பது இவ்வளவுதான். துவைத்த பள்ளிச் சீருடையில் வரும் பிள்ளைக்கும் அதே தைலம்தான்.

சடங்கு நடக்கும் விதம்

உறுதிப்பூசுதல் வழக்கமாகத் திருப்பலிக்குள் நடக்கிறது. ஆயரின் மேலுடை பெரும்பாலும் சிவப்பு நிறம். ஆவியாரின் நெருப்புக்கு அது அடையாளம்.

நற்செய்தி வாசித்து முடிந்ததும் பங்குத்தந்தை பிள்ளைகளை ஆயரிடம் முன்னிலைப்படுத்துகிறார். முடிந்தால் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். பிள்ளை எழுந்து நிற்கிறது. மறையுரைக்குப் பின், திருமுழுக்கின்போது கேட்கப்பட்ட கேள்விகளை ஆயர் மீண்டும் கேட்கிறார். தீமையை விட்டு விலகுகிறாயா, தந்தை, மகன், தூய ஆவியாரை நம்புகிறாயா என்ற கேள்விகள் அவை. பிள்ளைகள் தாங்களே பதில் சொல்கிறார்கள்.

அடுத்து ஆயர், பிள்ளைகள் எல்லோர் மேலும் கைகளை விரித்து, ஆவியாரின் ஏழு கொடைகளுக்காக மன்றாடுகிறார். பிறகு ஒவ்வொருவராக முன்னே வருகிறார்கள். ஞானத்தந்தையோ ஞானத்தாயோ பிள்ளையின் தோளில் வலக்கையை வைத்து நிற்கிறார். பெயர் சொல்லப்படுகிறது. ஆயர் தன் வலப் பெருவிரலைத் தைலத்தில் தோய்த்து, பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, தூய ஆவியாராகிய கொடையின் முத்திரையை ஏற்றுக்கொள்ளுமாறு சொல்கிறார். பிள்ளை ‘ஆமென்’ என்கிறது. ஆயர் சமாதானம் கூற, பிள்ளையும் பதில் கூறுகிறது. ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. பின்னர் திருப்பலி தொடர்ந்து, அவர்கள் நற்கருணை பெறுகிறார்கள்.

பூசப்படும் தைலத்துக்குக் கிறிஸ்மா என்று பெயர். ஒலிவ எண்ணெயோடு நறுமணப் பொருள் கலந்தது. ஒலிவ எண்ணெய் கிடைப்பது கடினமான இடங்களில் வேறு தாவர எண்ணெயையும் பயன்படுத்தலாம். புனித வாரத்தில் ஆயர் தன் மறைமாவட்டக் குருக்களோடு சேர்ந்து நிறைவேற்றும் திருப்பலியில் இது அர்ச்சிக்கப்பட்டு எல்லாப் பங்குகளுக்கும் பகிரப்படுகிறது. கண்டி நகரத்துப் பிள்ளைக்கும் வட்டவளைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் பூசப்படுவது ஒரே நாளில் அர்ச்சித்த எண்ணெய்தான்.

புதுப் புனிதர் பெயர் ஒன்றை அன்று சூடிக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது கட்டாயமில்லை. திருமுழுக்குப் பெயரையே வைத்துக்கொள்வது இரண்டு சடங்குக்கும் உள்ள தொடர்பைக் காட்டும்.

ஏழு கொடைகளும் ‘உறுதி’யும்

ஞானம், புத்தி, ஆலோசனை, திடம், அறிவு, பக்தி, தெய்வபயம் என்று பழைய ஞானோபதேசம் இந்த ஏழையும் மனனம் செய்ய வைத்தது. எசாயா இறைவாக்கினர் நூலின் 11ஆம் அதிகாரத்தை ஒட்டி வந்த பட்டியல் இது. இன்றைய மொழிபெயர்ப்புகளில் சொற்கள் கொஞ்சம் மாறியிருக்கின்றன.

இதில் ‘திடம்’ என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்குவது சுலபம். அநீதி கண்ட இடத்தில் வாய்மூடாமல் இருப்பது. ‘ஆலோசனை’ என்பது எது சரி என்று குழம்பும் நேரத்தில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் திறன். பதினாறு வயதில் கொழும்புக்கு ரயிலேறும் பிள்ளைக்கு இந்த இரண்டும் தேவைப்படும். ‘தெய்வபயம்’ என்பது தண்டனைக்குப் பயந்து நடுங்குவது என்று தவறாக எண்ணப்படுகிறது. நாம் கடவுள் இல்லை என்பதை உணர்ந்து பணிவதுதான் அதன் பொருள்.

உறுதிப்பூசுதல் பெற்றவர் சொல்லாலும் செயலாலும் கிறிஸ்துவுக்குச் சாட்சியாக இருக்கக் கடமைப்பட்டவர் என்கிறது திருச்சபை. சாட்சி என்ற சொல் நம் வாசகர்களுக்கு வேறு பாரமும் கொண்டது. கண்டதைச் சொன்னதற்காகவும், சொல்லக் கூடாதென்று மிரட்டப்பட்டதாலும் துன்பப்பட்டவர்கள் நம்மிடையே உண்டு. 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழுவின் முன், அரச புள்ளிவிபரங்களை வைத்தே 1,46,679 பேர் கணக்கில் வரவில்லை என்று எழுதிக் கொடுத்துக் கேள்வி எழுப்பியவர் அன்றைய மன்னார் ஆயர் இராயப்பு யோசேப் ஆண்டகை. தைலம் பூசிப் பிள்ளைகளைச் சாட்சிகளாக அனுப்புவது ஆயரின் பணி. அந்தப் பணியை வகித்த ஒருவர் சாட்சி சொல்வது எப்படி என்றும் காட்டினார்.

வேறு சபைகளில்

அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளிலும் இதற்கு இணையான சடங்கு உண்டு. ‘திடப்படுத்தல்’ என்று தமிழில் அழைப்பார்கள். கத்தோலிக்கர் ஏழு அருட்சாதனங்களில் ஒன்றாக இதைக் கொள்வதுபோல் அச்சபைகள் பொதுவாகக் கொள்வதில்லை. இன்று தோட்டங்களில் பரவியுள்ள சுயாதீன சபைகள் பேசும் ‘ஆவியின் அபிஷேகம்’ இன்னொரு கருத்து. அங்கே அது ஒருவர் ஜெபத்தில் அடையும் அனுபவம். கத்தோலிக்கத்தில் உணர்ச்சி பொங்கினாலும் பொங்காவிட்டாலும் அருட்சாதனம் செல்லுபடியாகும். ஒன்றை மற்றதோடு குழப்பிக்கொண்டு, ‘எனக்கு ஒன்றும் நடக்கவில்லையே’ என்று எந்தப் பிள்ளையும் வருந்த வேண்டியதில்லை.

தோளில் வைக்கும் கை

ஞானப்பெற்றோராக வருபவர் உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக, பொதுவாக 16 வயது நிறைந்தவராக, விசுவாச வாழ்வு வாழ்பவராக இருக்க வேண்டும். பெற்ற தாயோ தகப்பனோ இந்தப் பொறுப்பை ஏற்க முடியாது. திருமுழுக்கின்போது ஞானத்தாய், ஞானத்தந்தையாக இருந்தவரே இதற்கும் வருவது விரும்பத்தக்கது. ஆனால் அவர் இறந்திருந்தாலோ, நாடு கடந்திருந்தாலோ, காணாமல் ஆக்கப்பட்டிருந்தாலோ வேறொருவரைத் தெரிவு செய்வதில் தடையே இல்லை.

வயது வித்தியாசமின்றி ஒரே லயத்தில் வளர்ந்த இந்து நண்பர்களும் உறவினர்களும் விழாவில் கலந்துகொள்ளலாம், வாழ்த்தலாம், விருந்தில் உட்காரலாம். ஞானப்பெற்றோர் பொறுப்பும் நற்கருணை பெறுவதும் மட்டுமே கத்தோலிக்கருக்கு உரியவை.

யுத்தத்தில் தவறியவர்களுக்கு

1958, 1977, 1981, 1983 வன்செயல்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறியவர்கள் பலர். பின்னர் வன்னி யுத்தம் அவர்களையும் விரட்டியது. 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறி மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 3 இலட்சம் பேரில் இவர்களும் இருந்தார்கள். பங்கு மாறி, ஊர் மாறி, பள்ளி மாறி வளர்ந்த பிள்ளைகளுக்கு உறுதிப்பூசுதல் தவறிப்போனது இயல்பு. அவர்களுக்கும் குடும்பங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை:

வயது எல்லை இல்லை. முப்பது வயதிலும் அறுபது வயதிலும் பெறலாம். தற்போது வாழும் பங்கின் குருவானவரிடம் சொன்னால் போதும். தவறவிட்டது நம் குற்றமல்லாதபோது அதில் வெட்கப்படவும் எதுவுமில்லை.

உறுதிப்பூசுதல் இல்லை என்பதால் திருமணம் மறுக்கப்படுவதில்லை. பெரிய சிரமமில்லாமல் முடியுமானால் திருமணத்துக்கு முன் பெற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சட்டம் சொல்கிறது.

மரண ஆபத்தில் எந்தக் குருவானவரும் உறுதிப்பூசுதல் வழங்கலாம். ஆயருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இறுதி யுத்தத்தின் நாட்களில் காயப்பட்டவர்களுக்கு இப்படி வழங்கப்பட்டிருந்தால் அது முழுமையான உறுதிப்பூசுதலே. ஆயர் அனுமதி கொடுத்தால் சாதாரண நாட்களிலும் குருவானவர் வழங்க முடியும். வயதுவந்தபின் திருமுழுக்குப் பெறுவோருக்கு அதே வழிபாட்டில் குருவானவரே பூசுகிறார்.

சான்றிதழ் தொலைந்தால், முதலில் கேட்க வேண்டிய இடம் திருமுழுக்குப் பெற்ற பங்கு. எங்கே உறுதிப்பூசுதல் பெற்றாலும் அந்தத் தகவல் திருமுழுக்குப் பங்குக்கு அறிவிக்கப்பட்டு, அங்குள்ள பதிவேட்டில் குறிக்கப்பட வேண்டும் என்பது விதி. வட்டவளைத் தோட்டத்தில் திருமுழுக்குப் பெற்று வவுனியாவில் உறுதிப்பூசுதல் பெற்றவரின் குறிப்பு மலையகத்துப் புத்தகத்திலும் இருக்கலாம். சடங்கு நடந்த பங்கிலோ ஆயர் இல்லத்திலோ தனிப் பதிவும் இருக்க வேண்டும்.

மறைமாவட்ட எல்லைகள் மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். பதுளை 1972இல் தனி மறைமாவட்டமானது. மன்னார் மறைமாவட்டம் 1981இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. வவுனியா அதற்குள் வருகிறது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டத்தில். மட்டக்களப்பு 2012இல் திருகோணமலையிலிருந்து பிரிந்தது. பழைய பதிவைத் தேடுவோர் அன்று அந்த ஊர் எந்த மறைமாவட்டத்தின் கீழ் இருந்தது என்று பார்த்து அங்கேயும் விசாரிக்கலாம்.

பதிவேடே எரிந்தோ அழிந்தோ போயிருந்தால், ஐயத்துக்கு இடமில்லாத ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும். வயதுவந்தபின் பெற்றவரானால் அவரே சத்தியம் செய்து சொல்வதும் ஏற்கப்படும். அன்று தோளில் கை வைத்து நின்றவர் எங்காவது உயிரோடு இருந்தால், அவருடைய சொல்லே சான்று.

பெற்றோமா இல்லையா என்றே தெரியவில்லை, விசாரித்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், ‘பெறவில்லையாயின்’ என்ற நிபந்தனையோடு வழங்கலாம். பெற்றோரை இழந்து, சிறு வயது நினைவு இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு இது உதவும்.

பெயர் ஏன் முக்கியம்

மலையக மக்களுக்குக் காகிதம் சின்ன விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. நீலகிரிக்குப் போனவர்களும் இங்கே தங்கியவர்களும் ஒரே குடும்பமாக இருந்தார்கள். பின்னரும் நாடற்றவர்களாக எஞ்சியோரின் சிக்கலைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் வந்தது.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஆளுக்கு வீட்டில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் பிழையாக எழுதிய இன்னொரு பெயர் என்று வாழ்ந்தவர்கள் ஏராளம். பிறப்பைப் பதியாமல் விட்டவர்கள், பின்னர் பதியப் போகும்போது திருமுழுக்குச் சான்றிதழைத் துணை ஆவணமாகக் காட்டியதும் உண்டு. ஆகவே பிள்ளையின் உறுதிப்பூசுதலுக்குப் பெயர் கொடுக்கும்போது பெற்றோர் ஒன்றைச் செய்யலாம்: பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்தையும் ஆலயப் பதிவேட்டில் உள்ள எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு இருந்தால் அன்றே பங்குத்தந்தையிடம் சொல்லி வைப்பது. சான்றிதழின் பிரதி ஒன்றை எடுத்து வீட்டுக்கு வெளியே, உறவினர் ஒருவரிடம் கொடுத்து வைப்பதும் நல்லது. ஒரே பையோடு ஓடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

திருமுழுக்கில் பெற்றோர் நம் பெயரைச் சொன்னார்கள். செக்ரோலில் கணக்கப்பிள்ளை சொன்னார். முகாமில் இராணுவம் வரிசையில் நிறுத்திச் சொல்லக் கேட்டது. உறுதிப்பூசுதலில் பிள்ளை ஆயரின் முன்னால் போய் நிற்கிறது. யாரும் எண்ணிக் கணக்கெடுக்கவில்லை. அரைப் பேர் என்று குறைக்கவும் இல்லை. பெயர் முழுதாகச் சொல்லப்படுகிறது, நெற்றியில் தைலம் படுகிறது, பிள்ளை ‘ஆமென்’ என்கிறது.

வெளியே மழை பெய்துகொண்டுதான் இருக்கும். நெற்றியில் எண்ணெயோடு அந்தப் பிள்ளைகள் குடைக்குள் ஒடுங்கி, வழுக்கும் படிகளில் லயத்துக்கு ஏறிப் போவார்கள். மறுநாள் திங்கட்கிழமை, தாய்மார் விடியலில் பெரட்டுக்களத்துக்குப் போவார்கள். பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்கும்.